அரிட்டாபட்டி: தீர்மானம் போட்ட ஊருக்குச் சட்டத்தில் என்ன இடம்?

2024 நவம்பர் 7 அன்று ஒன்றிய சுரங்க அமைச்சகம் ஓர் ஏல முடிவை வெளியிட்டது. மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் ‘நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி’ என்று பெயரிட்ட 2,015.51 ஹெக்டேர் பரப்புக்கு இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வாகியிருந்தது. ஏறக்குறைய இருபது சதுர கிலோமீட்டர். அரிட்டாபட்டி, அ.வல்லாளப்பட்டி, நரசிங்கம்பட்டி, கிடாரிப்பட்டி, எட்டிமங்கலம், கவட்டையம்பட்டி என்று ஊரும் வயலும் கண்மாயும் மலையும் கோயிலும் கலந்து கிடக்கிற நிலம் அது. பதினோரு வாரம் கழித்து, 2025 ஜனவரி 23 அன்று, அதே அமைச்சகம் அந்த ஏலத்தை ரத்து செய்தது.

மக்கள் போராடி ஜெயித்த கதையாக இதைப் பலரும் எழுதிவிட்டார்கள். அது உண்மை, அதில் எனக்கு எந்த மறுப்பும் கிடையாது. நான் இங்கே பார்க்க நினைப்பது வேறு: அந்தப் பதினோரு வாரமும் ஊராட்சியின் கையில், கிராம சபையின் கையில், சட்டப்படி செல்லக்கூடியதாக என்ன இருந்தது? தேடிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 193 ஹெக்டேரை மட்டும் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஓர் அரசாணை இருந்தது, மாநில அரசு கொடுக்க வேண்டிய ஒரு கடிதம் இன்னும் கொடுக்கப்படாமல் இருந்தது, மற்றபடி சாலையில் இறங்கிய ஜனம்தான். அடுத்த முறை, வேறோர் ஊரில், அந்த அளவுக்கு ஜனம் இறங்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்காகத்தான் இந்த நிகழ்வை அவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். அரிட்டாபட்டியைச் சுற்றி ஏழு மலைக்குன்றுகள். அதிலிருந்து வழிகிற நீரை வாங்கிக்கொள்ள 72 நீர்நிலைகள், 200 ஊற்றுகள், மூன்று தடுப்பணைகள் இருப்பதாக அரசு அறிவிப்பே கணக்குச் சொல்கிறது. ஆனைகொண்டான் கண்மாய் பதினாறாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் வெட்டியது என்றும் அதே அறிவிப்பில் இருக்கிறது. 250 வகைப் பறவைகள், அதில் லகார் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளிக் கழுகு என்று மூன்று வேட்டைப் பறவைகள். அப்புறம் தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு. பாறையைக் குடைந்து எடுத்த பாண்டியர் காலச் சிவன் கோயில் ஒன்று, அதில் இலகுலீசர் சிற்பம். கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் தமிழி, அதாவது தமிழ் பிராமிக் கல்வெட்டுகள். பக்கத்து மீனாட்சிபுரத்து ஓவாமலையில் இருப்பவை நெடுஞ்செழியன் பெயரைச் சொல்கிற மாங்குளம் கல்வெட்டுகள், தமிழில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்துகளில் சேர்பவை.

இதில் ஒன்றை மட்டும் அருகில் நின்று பார்க்க வேண்டும். கழிஞ்சமலையில் ஒரு தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பம் இருக்கிறது, அதன் கீழே வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு. இன்னாருடைய பேரால் அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்த திருமேனி என்று சொல்லிவிட்டு, கடைசியில் ‘பாதிரிக்குடியார் ரட்சை’ என்று முடிகிறது. அதாவது சிலையைச் செய்து வைத்தவர் அதன் காவலை ஓர் ஊர்க்காரர் பொறுப்பில் விட்டுப்போயிருக்கிறார். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் மலைக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பாறையிலேயே பதில் எழுதி வைத்த இடத்தில்தான், 2024-இல் ஏலம் முடிந்த செய்தியே ஊர்க்காரர்களுக்குப் பத்திரிகை வழியாக வந்து சேர்ந்தது.

இது எப்படி நடந்தது என்றால், தப்பு நடந்து அல்ல, சட்டப்படியே நடந்தது. அதுதான் இதில் முக்கியம்.

அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 23-ஆவது இனம் சுரங்க ஒழுங்குமுறையை மாநிலத்துக்குக் கொடுக்கிறது, ஆனால் ஒன்றியப் பட்டியலின் 54-ஆவது இனத்துக்கு உட்பட்டு. அந்த 54-ஐ வைத்து நாடாளுமன்றம் போட்ட சட்டம்தான் 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம். இந்தச் சட்டம் கனிமங்களைப் பெருங்கனிமம், சிறுகனிமம் என்று பிரிக்கிறது. ஜல்லிக்கல், கிரானைட், கிராவல், சவுடு, ஆற்று மணல் எல்லாம் சிறுகனிமம். அதற்கு விதி போடும் அதிகாரத்தை 15-ஆவது பிரிவு மாநிலத்துக்கு விட்டிருக்கிறது, அப்படி வந்ததுதான் நம்முடைய 1959-ஆம் ஆண்டு தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை கொடுக்கக் கூடாது என்று ஊர்களில் எல்லோரும் சொல்கிறார்களே, அது இந்த விதிகளில் 36-ஆவது. டங்ஸ்டன் சிறுகனிமம் கிடையாது. அதனால் இந்த விதிகள் எதுவும் அங்கே பேசாது.

பெருங்கனிமத்திலும்கூட ஏலம் விடுவது முன்பு மாநில அரசின் வேலையாகத்தான் இருந்தது. 2023 ஆகஸ்டில் வந்த திருத்தம் அதை மாற்றியது. லித்தியம், கோபால்ட், டங்ஸ்டன் உள்ளிட்ட 24 கனிமங்களை ‘முக்கியக் கனிமங்கள்’ என்று தனி அட்டவணையில் போட்டு, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை 11-டி என்ற புதுப் பிரிவு வழியாக ஒன்றிய அரசு எடுத்துக்கொண்டது. ஏலத்தை நடத்துவது டெல்லி. ஏலத் தொகையும் ராயல்டியும் மாநிலத்துக்கு. ஏலம் முடிந்த பிறகு, வென்ற நிறுவனத்துக்கு உரிமம் தரச் சம்மதம் என்று சொல்லும் விருப்பக் கடிதம் கொடுப்பதும் உரிமம் வழங்குவதும்கூட மாநில அரசுதான். இந்த வரிசையில் ஊராட்சி என்ற சொல் எங்கேயும் வராது. ஏலத்துக்கு முன்னால் ஊராட்சிக்கு ஒரு தகவல் கடிதம் அனுப்ப வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை.

பட்டா நிலம் என்னுடையது, அதற்கு அடியில் இருப்பதும் என்னுடையதுதானே என்று கேட்கிறவர்கள் உண்டு. கேரளத்தின் மலபார் பகுதி நிலங்கள் பற்றிய வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம், மண்ணுக்கு அடியில் உள்ள கனிமம் நிலத்துக்காரருக்கு உரியது, சட்டப்படி பறிக்கப்பட்டிருந்தால் ஒழிய, என்றுதான் சொல்லியிருக்கிறது. ஆனால் கனிமம் நம்முடையது என்பதாலேயே அதைத் தோண்ட விடவும் தடுக்கவும் அதிகாரம் வந்துவிடாது, உரிமம் கொடுக்கிற அதிகாரம் 1957 சட்டத்திடம் இருக்கிறது. நிலத்துக்காரருக்குக் கடைசியில் கிடைப்பது இழப்பீட்டுப் பேச்சு மட்டும்.

சரி, யாருக்கு எப்போது தெரியும்? இதில் இரண்டு அரசுகளும் ஒருவரையொருவர் கை காட்டின, அதனால் தேதி வைத்துப் பார்ப்பதே நியாயம். 2023 அக்டோபர் 3 அன்று மாநில அமைச்சர் துரைமுருகன், முக்கியக் கனிமங்களை ஒன்றிய அரசு ஏலம் விடுவதை எதிர்த்து டெல்லிக்கு எழுதினார். நவம்பர் 2 அன்று மறுத்துப் பதில் வந்தது. 2024 பிப்ரவரியில், கேட்கப்பட்ட நில விவரங்களை மாநிலக் கனிமவளத்துறை அனுப்பியது. அந்த விவரத்தில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் இருப்பது சொல்லப்பட்டிருந்தது, ஆனால் தொகுதியையே ஏலத்திலிருந்து விட்டுவிடுங்கள் என்ற பரிந்துரை இல்லை, நவம்பர் வரை ஆட்சேபமும் வரவில்லை என்பது 2024 நவம்பர் இறுதியில் சுரங்க அமைச்சகம் கொடுத்த விளக்கம். நாங்கள் முதலிலேயே எதிர்த்தோம் என்பது மாநிலத்தின் பதில். இரண்டையும் சேர்த்து வைத்தால் எனக்குத் தெரிகிற விஷயம் ஒன்றுதான். பிப்ரவரி முதல் நவம்பர் வரையிலான அந்த மாதங்களில், இருபது சதுர கிலோமீட்டர் நிலத்தின் விவரம் சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே போய் வந்துகொண்டிருந்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டு அறுப்பு முடித்தவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது இரு அரசுகளுக்கும் கடமையாக எழுதப்பட்டிருக்கவும் இல்லை.

ஊர் தன் கையில் இருந்ததைத்தான் எடுத்தது. நவம்பர் 23 அன்று நடந்த கிராம சபைகளில் அரிட்டாபட்டி, நரசிங்கம்பட்டி உட்படப் பல ஊராட்சிகள் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் நிறைவேற்றின. மந்தையில் உட்கார்ந்து கை தூக்கிப் போட்ட தீர்மானம். அதன் சட்ட எடை என்ன? அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கென 1996-இல் வந்த ஊராட்சி விரிவாக்கச் சட்டம், பெஸா என்பார்கள், சிறுகனிமத்துக்கு உரிமம் கொடுக்கும் முன் கிராம சபை அல்லது உரிய நிலையிலுள்ள ஊராட்சியின் பரிந்துரை கட்டாயம் என்கிறது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுக்கலாமா என்ற கேள்வியை 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே திருப்பி அனுப்பியதும், பன்னிரண்டு கிராம சபைகளும் மறுத்ததும், சுரங்கம் நின்றதும் வன உரிமைச் சட்டத்தை வைத்து. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஓரிடம்கூட அறிவிக்கப்படவில்லை, அதனால் பெஸா இங்கே எந்த ஊருக்கும் இல்லை. மேலூர்ப் பக்கத்து ஊர்கள் வன உரிமைச் சட்டத்துக்குள்ளும் நியம்கிரி மாதிரி வராது. ஆக, இங்கே கிராம சபைத் தீர்மானம் என்பது அரசு மதித்தால் மதிக்கலாம் என்ற நிலையில் உள்ள ஒரு கருத்து.

அதுகூட எல்லோருக்கும் இல்லை. அ.வல்லாளப்பட்டி பேரூராட்சி. பேரூராட்சிக்குக் கிராம சபை கிடையாது. ஒரே தொகுதிக்குள், ஒரே வாய்க்கால் தண்ணீரில் பாயும் வயலை வைத்திருக்கும் இரண்டு பேரில் ஒருவர் கிராம சபையில் கை தூக்கலாம், இன்னொருவருக்கு அந்தச் சபையே இல்லை. அப்புறம் இன்னொன்று, இதைக் கவனித்தவர்கள் குறைவு. 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது, மதுரையும் அதில் ஒன்று. தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். மதுரையை நோக்கிய பெரும் பேரணி நடந்தது ஜனவரி 7. அதாவது ஊரே திரண்டு நடந்த அன்றைக்கு, அந்த ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றம் என்று ஒன்று இல்லை. அந்த இடத்தை நிரப்பியது மரபுவழி ஊர்த் தலைவர்களான அம்பலக்காரர்களும் ஊர்ப் பெரியவர்களும் விவசாயச் சங்கங்களும் வியாபாரிகளும். அது மேலூர் நாட்டுக்கு இருக்கும் பழைய கட்டுக்கோப்பு. எல்லா வட்டாரத்திலும் அப்படி ஒரு கட்டுக்கோப்பு கிடைத்துவிடாது.

இதற்கு நடுவே ஊரிடம் இருந்த ஒரே சட்டக் காகிதம் 2022 நவம்பரில் வந்தது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், 37-ஆவது பிரிவு: உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்துகொண்டு மாநில அரசு ஓரிடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். அப்படித் தமிழ்நாட்டின் முதல் தலமாக அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் சேர்த்து 193 ஹெக்டேர் சொச்சம் அறிவிக்கப்பட்டது. கிரானைட் குவாரிக்கு மலையை விட மாட்டோம் என்று அதற்கும் பல வருடம் முன்பே நின்ற ஊர் அது, அந்த உறுதியின் தொடர்ச்சியாகத்தான் நான் இந்த அறிவிப்பைப் பார்க்கிறேன். இதே சட்டத்தின் 41-ஆவது பிரிவு ஒவ்வோர் உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைக்க வேண்டும் என்கிறது. பெரும்பாலான ஊராட்சிகளில் இது பேருக்கு நடக்கிற காரியம், பதிவேடு அலமாரியில் கிடக்கும். அரிட்டாபட்டிக்கு உதவியது இந்த வகைக் காகிதம்தான்.

ஆனால் அளவைப் பாருங்கள். 2,015 ஹெக்டேர் தொகுதிக்குள் பாரம்பரியத் தலம் பத்தில் ஒரு பங்குகூட முழுதாக இல்லை. அமைச்சகம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. டிசம்பர் 24 அன்று வந்த அறிவிப்பில், பல்லுயிர்த் தலத்தை விலக்கிவிட்டுத் தொகுதியின் எல்லையை மறுபடி பார்க்கச் சொல்லி இந்தியப் புவியியல் ஆய்வு மையத்திடம் கேட்டிருக்கிறோம், அதுவரை விருப்பக் கடிதம் கொடுக்க வேண்டாம் என்று மாநிலத்திடம் சொல்லியிருக்கிறோம் என்றார்கள். இரண்டு வாரம் முன்பு, டிசம்பர் 9 அன்று, சட்டமன்றம் ஏலத்தை ரத்து செய்யக் கோரி ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருந்தது. அப்படியும் வந்த பதில் எல்லையை மாற்றுகிறோம் என்பதுதான்.

ஊர்க்காரர்கள் அதை ஏற்கவில்லை, அவர்கள் ஏற்காததற்கு நல்ல காரணம் இருக்கிறது. மலையை விட்டுவிட்டு அடிவாரத்தைத் தோண்டினால் மலையிலிருந்து கண்மாய்க்கு வரும் வரத்துக் கால்வாய் அறுந்துபோகும். ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகிற சங்கிலித் தொடர் இது, இதில் ஒரு கண்ணியை எடுத்தால் கீழே உள்ள ஆயக்கட்டு முழுவதும் வானம் பார்க்க வேண்டியதாகிவிடும். பெரியாறு பாசனத்தின் ஒருபோக வட்டாரம் அது, தண்ணீர் எந்த மடையில் எத்தனை நாள் பாயும் என்று கணக்குப் பார்த்து வாழ்கிற ஊர்கள். வரைபடத்தில் 193 ஹெக்டேரை வெட்டி எடுத்துவிட்டு மீதியைத் தோண்டலாம் என்று நினைத்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்திருக்கவே முடியாது.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏலம் விட்டது கூட்டு உரிமத்துக்கு. அதாவது முதலில் துளை போட்டு ஆய்வு, பிறகு கனிமம் தேறினால் குத்தகை, அதற்கு முன் சுற்றுச்சூழல் அனுமதி. மறுநாளே புல்டோசர் வருகிற நிலை இல்லை. டங்ஸ்டன் நாட்டுக்கு வேண்டாத பொருளும் அல்ல, வெட்டும் கருவியிலிருந்து ராணுவத் தளவாடம் வரை அது தேவைப்படுகிறது. ஆனால் கூட்டு உரிமத்தின் அமைப்பே, ஆய்வில் தேறிவிட்டால் அதே நிறுவனம் சுரங்கத்துக்குப் போகலாம் என்பதுதான். ஊர் தன் ஆட்சேபத்தைச் சொல்ல வேண்டிய நேரம் தொடக்கமே தவிர, பல கோடி செலவழித்துத் துளை போட்ட பிறகு அல்ல.

ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்தை நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள், டிராக்டரில் வந்தார்கள். மேலூரில் கடைகள் மூடிக் கிடந்தன. அதற்காக 11,608 பேர்மீது வழக்குப் பதிவானது, பின்னர் அவை திரும்பப் பெறப்பட்டன. ஜனவரி 22 அன்று ஊர்ப் பிரதிநிதிகள் டெல்லியில் சுரங்க அமைச்சரைப் பார்த்தார்கள், மறுநாள் ரத்து அறிவிப்பு. பல்லுயிர் முக்கியத்துவமும் பண்பாட்டு மரபும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. 26-ஆம் தேதி முதலமைச்சர் அரிட்டாபட்டிக்கும் வல்லாளப்பட்டிக்கும் வந்தார்.

தோண்டுவதற்கு அனுமதி என்கிற பாதிக்கதை இது. தோண்டியதை என்ன செய்வது என்கிற மறுபாதி மேலூர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும், அதனால்தான் நிலத்தைச் சீரமைத்துத் தருவோம் என்ற உத்தரவாதம் எதுவும் அவர்களிடம் எடுபடவில்லை.

கீழவளவு பக்கம் கிரானைட் எடுத்துக் கைவிட்ட குழி ஒன்றின் விளிம்பில் நின்று பாருங்கள். பாறைச் சுவர் செங்குத்தாக இறங்குகிறது. சுவரில் மேலிருந்து கீழாக, ஒரு சாணுக்கு ஒன்றாக, டிரில் போட்ட தடம் வரிவரியாகத் தெரியும். இரண்டு மூன்று தட்டாகக் கீழே இறங்கிப் பச்சை நிறத்தில் தண்ணீர் நிற்கும், எவ்வளவு ஆழம் என்று பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே விழுந்தவன் பிடித்து ஏற ஒரு பிடிமானம் கிடையாது. மேலே, அறுத்துச் சதுரமாக்கி எண் எழுதின கற்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன, இடையில் சீமைக்கருவேலம். விற்பனைக்குத் தேறாத கல் மலை மலையாகப் பக்கத்தில் கொட்டிக் கிடக்கிறது, அது ஒரு காலத்தில் மேய்ச்சல் நிலமாகவோ வாய்க்காலாகவோ இருந்திருக்கும். சமணர் படுக்கைகள் உள்ள பஞ்சபாண்டவர் மலைக்குப் பக்கத்தில் வரை இப்படி அறுத்திருக்கிறார்கள்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. 1999-ஆம் ஆண்டின் கிரானைட் பாதுகாப்பு, மேம்பாட்டு விதிகள், மேல்மண்ணைத் தனியே எடுத்து வைக்க வேண்டும், தோண்டிய நிலத்தைப் படிப்படியாகச் சீரமைக்க வேண்டும், குவாரியை விட்டுப் போகும் முன் அந்த வேலையை முடிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கின்றன. 2012 மே மாதம் மதுரை ஆட்சியராக இருந்த உ.சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கை கிரானைட் முறைகேட்டில் இழப்பு 16 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் என்றது. 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்து, 2015 நவம்பரில் அவர் கொடுத்த அறிக்கையில் இழப்பு ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது. குவாரிகள் மூடப்பட்டன, வழக்குகள் நடந்தன. பணம் எவ்வளவு போயிற்று என்பதையே எல்லோரும் பேசினார்கள். குழியை யார் மூடுவது, வரத்துக் கால்வாயை யார் திரும்ப எடுத்துக் கொடுப்பது, தண்ணீர் நிற்கும் பள்ளத்தைச் சுற்றி யார் வேலி போடுவது என்ற கேள்வி பின்னால் தள்ளப்பட்டுவிட்டது. வேலை நடக்கும்போதே படிப்படியாகச் சீரமைக்கச் சொல்லும் விதி, வேலை திடீரென்று நின்றுபோனால் பொறுப்பாளியைத் தேடிப் பிடிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறது. குத்தகைதாரர் வழக்கில் இருப்பார், குழி அங்கேயே இருக்கும்.

கிரானைட்டை மூடுவதற்கு ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. நெய்வேலி மாதிரி மேல்மண்ணை எடுத்துக் கொட்டிவிட்டுப் பிறகு தள்ளி நிரப்புகிற வேலை இது இல்லை. எடுத்த நல்ல கல் கப்பலேறிவிட்டது, மீதிக் கழிவுக் கல்லைக் கொட்டினாலும் பழைய மட்டம் வராது. அதனால் இங்கே சீரமைப்பு என்றால் விளிம்பைச் சரித்துப் படி எடுப்பது, வேலி, கழிவு மேட்டைத் தட்டையாக்கி மேல்மண் போட்டு மரம் வைப்பது, அடைந்த ஓடையைத் திறப்பது என்கிற மாதிரி வேலைகள். பெரிய தொழில்நுட்பம் இல்லை. யார் செலவில், யார் மேற்பார்வையில் என்பதுதான் தகராறு.

டங்ஸ்டன் வந்திருந்தால் வேறு விதிகள் பொருந்தியிருக்கும், 2017-ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு, மேம்பாட்டு விதிகள். அதில் சுரங்க மூடல் திட்டம் கட்டாயம், அதற்கு நிதி உத்தரவாதமும் கட்ட வேண்டும். 2021 திருத்தத்துக்குப் பிறகு ‘அ’ வகைச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய், மற்றதற்கு 3 லட்சம். ஏக்கருக்குப் பார்த்தால் அதிகபட்சம் இரண்டு லட்சம் சொச்சம். டங்ஸ்டன் தாதுவில் டங்ஸ்டன் பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் கீழேதான் இருக்கும், தோண்டி அரைத்ததில் மீதி அத்தனையும் கழிவுச் சேறாக எங்காவது தேக்கி வைக்க வேண்டும். அதை ஏழு மலைக்குக் கீழே, கண்மாய்களுக்கு மேலே, ஏக்கருக்கு இரண்டு லட்ச உத்தரவாதத்தில் தேக்கி வைப்பது என்றால் என்ன என்று யோசியுங்கள். 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம், சுரங்கம் முடிந்த நிலத்தில் மறுபடி புல் வளர்த்துக் கால்நடைக்கும் பிற உயிர்களுக்கும் தகுதியாக்கித் தர வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகவே சேர்க்க உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. அதை நிறைவேற்றிவிட்டார்களா என்று சான்று கொடுக்கும் இடத்தில் ஊராட்சி இல்லை. மாடு மேய்க்கிறவருக்குத்தான் புல் வந்ததா இல்லையா என்று தெரியும், அவரிடம் கேட்கும் விதி கிடையாது.

ரத்துக்குப் பிறகு நிலைமை ஊருக்குச் சாதகமாக மாறியிருக்கிறதா என்றால், என் கணிப்பு இல்லை என்பதுதான். சுற்றுச்சூழல் அனுமதி நடைமுறையில் ஊர்க்காரர் வாய் திறக்கச் சட்டம் கொடுத்திருந்த இடம் 2006 அறிவிக்கையின்படி நடக்கும் பொதுக் கருத்துக்கேட்பு ஒன்றுதான். 2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் போட்ட ஓர் அலுவலகக் குறிப்பாணை, முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கும் அணுக் கனிமச் சுரங்கங்களுக்கும் பொதுக் கலந்தாய்விலிருந்து விலக்கு அளித்தது, பரப்பு சிறிதானாலும் பரிசீலனை டெல்லியில்தான் என்றும் ஆக்கியது. தமிழ்நாடு எதிர்ப்புத் தெரிவித்தது. அரிட்டாபட்டிக்காரர்கள் அதற்கு எட்டு மாதம் முன்புதான் ஜெயித்திருந்தார்கள், அதே மாதிரி இன்னொரு தொகுதி ஏலம் போனால் கூட்டம் போட்டு ஆட்சியர் முன்னால் பேசக்கூட உரிமை இல்லாத நிலையை இந்தக் குறிப்பாணை உண்டாக்கியது.

மாநில அரசு தன் விதிகளில் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 2021 நவம்பரில் காப்புக்காடு, சரணாலயம், யானை வழித்தடம் ஆகியவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று சிறுகனிம விதியைத் திருத்தினார்கள். 2022 டிசம்பரில் அதிலிருந்து காப்புக்காட்டை எடுத்துவிட்டார்கள். ஒரே அரசு, பதின்மூன்று மாதம். 2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 8-க்கு 1 என்ற கணக்கில், கனிம நிலத்துக்கு வரி விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. தமிழ்நாடு உடனே சட்டம் போட்டு 2025 ஏப்ரல் முதல் வசூலிக்கிறது. வரி போடும் அதிகாரத்தை மாநிலம் போராடி வாங்கியது சரிதான். வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தை ஊராட்சிக்குக் கொடுக்கத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்திலோ 1959 விதிகளிலோ ஒரு திருத்தம் கொண்டுவர டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை, சிறுகனிமத்துக்காவது. குத்தகை வழங்கும் முன் கிராம சபையில் வைக்க வேண்டும், குவாரி மூடியாயிற்று என்ற சான்றில் ஊராட்சியின் ஒப்புதல் வேண்டும் என்ற இரண்டு வரி போதும். அதை ஏன் எந்தக் கட்சி ஆட்சியும் செய்யவில்லை என்பதை அந்தந்தக் கட்சிகளிடம்தான் கேட்க வேண்டும்.

அதுவரை ஊர் செய்யக்கூடியது என்ன என்று கேட்பவர்களுக்கு, அரிட்டாபட்டியிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது. தீர்மானத்தை ‘எங்கள் ஊரில் சுரங்கம் வேண்டாம்’ என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். எந்தெந்தச் சர்வே எண் கண்மாய், எது வரத்துக் கால்வாய், எது மேய்ச்சல் புறம்போக்கு, எந்தப் பாறையில் கல்வெட்டு, எந்த மரத்தில் எந்தப் பறவை கூடு கட்டுகிறது என்று எண்ணோடு எழுதி, அதையே மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டிலும் ஏற்றுங்கள். டிசம்பர் 24 அன்று எல்லையை மாற்றுகிறோம் என்று அமைச்சகம் சொல்ல முடிந்ததற்குக் காரணம், காகிதத்தில் 193 ஹெக்டேர் மட்டும் இருந்ததுதான். அந்தத் தலத்தின் எல்லையை வரத்துக் கால்வாய்கள் வரை விரிக்கச் சொல்லி இப்போதே கேட்க வேண்டும். 2025 மார்ச்சில் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் ஒரு கோயில்காட்டை, ஐந்து ஹெக்டேருக்கும் குறைவானதை, இரண்டாவது தலமாக அறிவித்தார்கள், ஆகவே சின்ன இடம் என்று தயங்க வேண்டியதில்லை.

பழைய கிரானைட் குழிகளுக்கும் இதே முறைதான். தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தக் குவாரியின் சுரங்கத் திட்டத்தையும் குத்தகை நிபந்தனையையும் வாங்கி, அதில் சீரமைப்பு என்று என்ன எழுதியிருக்கிறதோ அதை ஒவ்வொன்றாக நேரில் பார்த்துக் கிராம சபையில் பதிவு செய்ய வேண்டும். குத்தகைதாரர்கள் கட்டும் தொகையில் நடக்கும் மாவட்டக் கனிம அறக்கட்டளையின் பணத்தில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது, குழிக்கு வேலி போடவும் ஓடையைத் திறக்கவும் அதிலிருந்து கேட்கலாம். கிராம சபை வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. தனி அலுவலர் காலத்திலும் தீர்மானப் புத்தகம் ஊராட்சி அலுவலகத்தில்தான் இருக்கும். தீர்மானத்தின் சான்றிட்ட நகலை அன்றைக்கே கேட்டு வாங்கி, ஆட்சியர், கனிமவளத்துறை ஆணையர், மாநிலப் பல்லுயிர் வாரியம் மூவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.